கருப்பா, வெள்ளியா, துருவா?

ஞாயிற்றுக்கிழமையானால் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் கோல்ஃபுக்கு லீவு!

உலகத்துக்கே கோல்ஃப் சொல்லிக் கொடுத்த ஊர். 'ஓல்ட் கோர்ஸ்' என்று பெயரைச் சொன்னாலே கோல்ஃப் பைத்தியங்கள் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட மைதானம் ஞாயிறன்று பார்க் ஆகிவிடுகிறது. நாய்க்குட்டியோடு பாட்டிகள், தள்ளுவண்டியில் குழந்தைகள், கைகோத்தபடி காதலர்கள் (காலேஜ் பசங்கள், இங்கே யுனிவர்சிட்டி ஆரம்பித்தது 1413-இல்!) என்று ஊரே புல்வெளியில் உலாத்துகிறது. 'ஏய், புல்லை மிதிக்காதே!' என்று விசில் ஊத ஒரு வாட்ச்மேன் கிடையாது. நம்மூர் கார்ப்பரேஷன் பூங்காவில்கூட இந்தச் சுதந்திரம் இல்லை ஸ்வாமி!

காரணம் இருக்கிறது. மைதானம் ஊர்ச் சொத்து. 1457-இல் ஸ்காட்லாந்து பார்லிமென்ட் கோல்ஃபுக்குத் தடை போட்டது. பசங்கள் வில்வித்தை பழகாமல் பந்தைத் துரத்துகிறார்கள் என்று கோபம். தடை போட்டால் நிற்கிற ஆட்டமா அது? 1552-இல் ஆர்ச் பிஷப் ஹாமில்டன் காலத்துப் பட்டயத்தில், 'இந்தக் கடலோரப் புல்வெளியில் பிஷப் முயல் வளர்த்துக் கொள்ளலாம், ஊர் ஜனங்கள் கோல்ஃப் ஆடிக் கொள்ளலாம்' என்று ஏற்பாடாகிவிட்டது. முயலும் போச்சு, பிஷப்பும் போயாச்சு. கோல்ஃப் மட்டும் இருக்கிறது.

எனக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஒரு சம்பந்தமும் இல்லை. நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே பந்து ரப்பர் பந்து, ஒரே மைதானம் மொட்டை மாடி. 2024 ஜூலையில் எடின்பரோவில் வேலை பார்க்கும் சித்தி பையன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனேன். போகும்போது சட்டைப்பையில் ஒருத்தனுடைய 15,000 ரூபாய் இருந்தது. அந்தப் பணம்தான் என்னை செயின்ட் ஆண்ட்ரூஸ்வரை இழுத்து வந்தது.

அந்த ஒருத்தன் ஒரு கேடி.

கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டியிருக்கும் ஆசாமியை நினைக்க வேண்டாம். கோல்ஃப் மைதானத்தில் பெரிய மனிதர்களின் பையைத் தோளில் போட்டுக் கொண்டு பின்னாலேயே நடந்து, பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்லி, கிளப்பைத் துடைத்துக் கொடுக்கிறவருக்குப் பெயர் கேடி. எங்கள் தெருமுனை டீக்கடையில் பழக்கமான தம்பி. வயசு 24. சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஏழு வருஷமாகப் பை தூக்குகிறான். திங்கட்கிழமை கேடிகள் ஆடிக் கொள்ளலாம். அந்த ஒரு நாள் ஆட்டத்திலேயே அவன் ஆடுவதைப் பார்த்து, 'புரொஃபஷனல் டூர் தகுதிச் சுற்றுக்குப் போடா' என்று மெம்பர்களே சொல்கிறார்களாம்.

நடக்காத காரியம் இல்லை. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனையே ஜெயித்தார், 1993-இல் மறுபடியும். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இல் அதே கோப்பையைத் தூக்கினார். நம் தம்பியின் பர்ஸில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் முனியப்பா படம்!

சிக்கல் எங்கே என்றால் அவனுடைய வெட்ஜில்.

('வெட்ஜ்' என்று அவன் முதல் தடவை சொன்னபோது, "எனக்கும் வெஜ்தாம்பா, பக்கத்து ஓட்டலில் நன்றாக இருக்கும்" என்றேன். ஐந்து நிமிஷம் சிரித்தான்.)

வெட்ஜ் என்பது கோல்ஃப் பையில் இருக்கும் குட்டைக் கிளப். நன்றாகச் சாய்ந்த முகம். மணல் பள்ளத்தில், உயரமான புல்லில் பந்து மாட்டிக் கொண்டால், தோசைக் கரண்டி மாதிரி அடியில் நுழைந்து பந்தைத் தூக்கிவிடும். அதன் முகத்தில் கோடு கோடாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். புல், ஈரம் எல்லாம் அந்தப் பள்ளத்தில் ஒதுங்கிக் கொள்ள, இரும்பு பந்தை நேராகப் பிடிக்கும். பந்து பின்பக்கமாகச் சுழன்று, விழுந்த இடத்தில் சமர்த்தாக உட்காரும். அம்மி கொத்துவது ஞாபகம் இருக்கிறதா? கொத்து தேய்ந்த அம்மியில் மிளகாய் வழுக்கும். பள்ளம் தேய்ந்த வெட்ஜில் பந்து வழுக்கும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

தம்பியிடம் இருந்தது ஒரு மெம்பர் தானமாகக் கொடுத்த கிழட்டு வெட்ஜ். முகம் மொழுமொழு. போதாக்குறைக்கு அந்தப் பள்ளம் பழைய சட்டத்துப் பள்ளம். ஓரம் ரொம்பக் கூராக இருந்தால் ஆட்டம் சுலபமாகிவிடுகிறது என்று, 2010-லிருந்து பெரிய புரொஃபஷனல் போட்டிகளில் புதுக் கணக்குப் பள்ளம்தான் செல்லும் என்று விதி வந்துவிட்டது. ஆக, தேய்ந்தும் போச்சு, சட்டத்துக்கும் ஆகாது. புதுசு ஒன்று வாங்கியே தீர வேண்டும்.

"கருப்புல வாங்கியாங்கண்ணா. டி.வி.ல வர்றவங்கல்லாம் கருப்புதான் வெச்சிருக்காங்க. சும்மா கெத்தா இருக்கும்..." என்றான். உடனே குரலை இறக்கிக் கொண்டு, "ஆனா ஒண்ணுதாண்ணா வாங்க முடியும். வெள்ளி கலர், கருப்பு, துருப்பிடிக்கிறதுன்னு மூணு இருக்குதாம். எது ஒழைக்கும்னு அங்க வெசாரிச்சு சொல்லுங்க" என்றான்.

15,000 ரூபாய்... அவனுக்கு ஒரு வருஷச் சேமிப்பு. இதற்கு முன் ஆயிரம் ரூபாய் செருப்பைக்கூட நான் நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்கியிருக்கிறேன்!

* * *

காலையில் எடின்பரோவில் ரயில் ஏறினேன். கால் மணி நேரத்தில் ஃபோர்த் பாலம். 1890-இல் திறந்தது. ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல் எஃகு. உப்புக் கடல் கழிமுகத்தின் மேல் செக்கச் செவேலென்று மூன்று ராட்சதர்கள் கை கோத்து நிற்கிற மாதிரி இரண்டரை கிலோமீட்டர் நீளம். முடியவே முடியாத வேலைக்கு இங்கிலீஷில் 'ஃபோர்த் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி' என்று பழமொழி. ஒரு கோடியில் அடித்து முடிப்பதற்குள் மறு கோடியில் துரு வந்துவிடுமாம். 2011-இல்தான் ஸ்பெஷல் பெயின்ட் அடித்து முடித்தார்கள். இனி இருபது வருஷத்துக்கு மேல் கவலையில்லை என்கிறார்கள்.

ஜன்னல் வழியே அந்தச் சிவப்பைப் பார்த்தபோது நம் பாம்பன் பாலம் ஞாபகம் வந்தது. 1914-லிருந்து 2022 வரை அதற்கும் இதே சண்டைதான். உப்புக் காற்றுக்கு ஸ்காட்லாந்து, ராமேஸ்வரம் என்ற பேதமெல்லாம் கிடையாது. இரும்பைக் கண்டால் தின்னும். மனிதன் அதற்கு ஒரு சட்டை போட்டுவிடுகிறான். சட்டை கிழிந்தால் வேறு சட்டை. ஒரு பாலத்துக்கு உள்ள கவலைதான் ஒரு முழ இரும்புக்கும். 'ஃபினிஷ்' என்று கோல்ஃப்காரர்கள் சொல்வது இந்தச் சட்டையைத்தான்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. 1969-இல் மூடிவிட்டார்கள். லூக்கர்ஸ் என்ற ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் ஊர். இறங்கியதும் முகத்தில் அறைந்தது கடல் காற்று. ஜூலை மாசம்! 'கோடைக்காலம்' என்று சித்தி பையன் சொல்லியிருந்தான். எந்த நாட்டுக் கோடை என்று சொல்லவில்லை. ஸ்வெட்டருக்குள் சுருண்டு கொண்டு மைதானத்துக்குள் நடந்தேன்.

பதினேழாவது குழி. அதன் பக்கத்தில் 'ரோடு பங்கர்' என்று ஒரு மணல் பள்ளம். ஓல்ட் கோர்ஸில் இப்படி மொத்தம் 112 பள்ளங்கள் இருந்தாலும் வில்லன் இவன்தான். எட்டிப் பார்த்தேன். புல்லை அடுக்கடுக்காக வைத்துச் சுவர் மாதிரி எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே நின்றால் கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். 1978 ஓப்பன் போட்டியில் ஜப்பான்காரர் நாகஜிமா கோப்பைக்கான பந்தயத்தில் இருந்தார். இரண்டே அடியில் பக்கத்துப் பச்சைக்கு வந்தும் விட்டார். குழியை நோக்கி மெதுவாகத் தட்டிய பந்து, சொல்பேச்சுக் கேட்காமல் உருண்டு இந்தப் பள்ளத்தில் விழுந்தது. வெளியே எடுக்க நாலு அடி! அந்தக் குழியில் மட்டும் ஒன்பது. கோப்பை அங்கேயே போச்சு. 2000-இல் டைகர் உட்ஸ் இதே மைதானத்தில் நாலு நாள் ஆடி, 112-இல் ஒன்றில்கூட விழாமல் ஜெயித்தார்.

டைகராகப் பிறக்காதவர்களுக்கு வெட்ஜ் வேண்டும். பள்ளத்தில் விழுந்தவனைத் தூக்கிவிட ஒரு நல்ல இரும்பு வேண்டும். தம்பியின் பணம் சட்டைப்பையில் கொஞ்சம் கனத்தது.

* * *

மைதானத்துக்கு எதிரிலேயே கோல்ஃப் மியூசியம். கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய இரும்புக் கிளப்புகளைப் பார்த்தால் நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கடப்பாரை, களைக்கொத்து ஞாபகம்தான் வருகிறது. அதில் 'ரட் அயர்ன்' என்று ஒரு ரகம். உள்ளங்கையைவிடச் சின்னத் தலை, கிண்ணம் மாதிரி குழிந்த முகம். அந்தக் காலத்தில் வண்டிச் சக்கரத் தடத்தில் பந்து விழுந்தால் தோண்டி எடுக்க இதை வைத்திருந்தார்கள். டாம் மோரிஸ் என்ற இந்த ஊர் மகா ஆட்டக்காரரின் மகன், பெயர் அவருக்கும் டாம்தான், இதே இரும்பால் பச்சையை நோக்கிப் பந்தை உயரத் தூக்கி, விழுந்த இடத்தில் நிறுத்திக் காட்டினார். 1868-லிருந்து 1872-க்குள் தொடர்ச்சியாக நாலு ஓப்பன் பட்டம். 1875 கிறிஸ்துமஸ் அன்று இறந்தபோது வயசு 24.

நம் தம்பியின் வயசு.

அந்த இரும்புகளுக்குப் பூச்சு எதுவும் கிடையாது. கொல்லன் அடித்துக் கொடுப்பான், அப்படியே ஆட வேண்டியதுதான். இதே ஊரில் 1893-இல் பட்டறை போட்ட டாம் ஸ்டூவர்ட் என்ற கொல்லர், தன் அடையாளமாக ஒரு சுங்கானை முத்திரை குத்துவார். அந்தச் சுங்கான் முத்திரை உலகம் பூராவும் பிரசித்தம். ஆட்டம் முடிந்ததும் உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுப்பது யார் வேலை? கேடி வேலை! தேய்த்துத் தேய்த்தே கிளப்புகள் இளைத்துப் போகுமாம். 1920-30களில் குரோம் பூச்சு பரவிய பிறகுதான் கேடிகளுக்கு விமோசனம்.

மணல் பள்ளத்துக்கென்றே தனி வெட்ஜ் பிரபலமானதும் அதே சமயத்தில்தான். ஜீன் சாராசன் என்ற அமெரிக்கர் ஒரு பழைய கிளப்பின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து, அடிப்பாகத்தைத் தடியாக்கி, மணலில் வழுக்கிக் கொண்டு போகும்படி செய்தார். அதைக் கொண்டு 1932 ஓப்பனை ஜெயித்தார். போட்டி அதிகாரிகள் பார்த்துத் தடை போட்டுவிடுவார்களோ என்று பையில் தலைகீழாகச் செருகி ஒளித்து வைத்தாராம். நம் ஆட்கள் பரீட்சை ஹாலுக்குள் பிட் கொண்டு போவது ஞாபகம் வருகிறதா? எல்லாத் தொழிலுக்கும் ஒரு முன்னோடி உண்டு!

* * *

கடைத்தெருவில் கோல்ஃப் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நம்மூரில் பிள்ளையார் கோயில் மாதிரி திரும்பின இடமெல்லாம் கோல்ஃப் கடை. கூட்டம் குறைவான ஒன்றில் நுழைந்தேன். கல்லாவில் ஒரு பெரியவர். எழுபது இருக்கும். இளவயசில் இங்கே கேடியாக இருந்தவராம். 'நான் வாங்க வந்தது ஒரு கேடிக்கு' என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

போன வருஷ மாடலில் 56 டிகிரி வெட்ஜ், தள்ளுபடி விலையில் நம் பட்ஜெட்டுக்குள் இருந்தது. ஒரே வெட்ஜ், மூன்று சட்டை. மேஜை மேல் வரிசையாக வைத்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

முதலாவது குரோம். உள்ளே இருப்பது மிருதுவான கார்பன் எஃகு. அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் மெல்லிசாகக் குரோம். பழைய சைக்கிள் ஹேண்டில்பார் இருக்கிறதே, அதே சங்கதி. துரு சுலபத்தில் அண்டாது. வருஷக்கணக்கில் பளபளப்பு போகாது. விற்கப் போனாலும் நல்ல விலை. குறை என்ன? உச்சி வெயிலில் குனிந்து பார்த்தால் கண்ணில் அடிக்கும். கூச்சத்தைக் குறைக்க மங்கலான குரோமும் உண்டு.

இரண்டாவது கருப்பு. பார்க்க ரஜினி மாதிரி ஸ்டைல். வெயிலில் கூசாது. ஆனால் மணலிலும் தரையிலும் உரச உரச அடிப்பாகத்தில் கருப்பு தேய்ந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். புதுசாக வாங்கிய நான்ஸ்டிக் தவா ஆறு மாசத்தில் எப்படி இருக்கும் என்று வீட்டில் கேளுங்கள். ஆட்டத்துக்கு அதனால் பாதகமில்லை. மனசுக்குத்தான் கஷ்டம்.

மூன்றாவது 'ரா'. அதாவது பச்சை இரும்பு. சட்டையே கிடையாது. வாங்கும்போது சாம்பல் நிறம். கொஞ்ச நாளில் பழுப்பு, அப்புறம் செம்பட்டை. துடைக்காவிட்டால் துரு. நம் வீட்டு இரும்பு தோசைக்கல்லேதான்! எண்ணெய் காட்டி வைத்திருந்தால் ஒழுங்காக இருக்கும், கழுவி ஈரத்தோடு கவிழ்த்தால் மறுநாள் செங்கல் நிறம்.

"துருப்பிடித்த வெட்ஜ் பந்தை நன்றாகக் கவ்விப் பிடிக்கும் என்கிறார்களே, நிஜமா?" என்று கேட்டேன். (தம்பி கேட்கச் சொன்ன கேள்வி.)

பெரியவர் சிரித்தார். "பந்தைப் பிடிப்பது பள்ளமும் முகத்தின் செதுக்கலும். துரு இல்லை. இரும்பின் மிருது கையில் தெரியும் என்று சத்தியம் பண்ணுகிற புரோக்கள் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டு மூன்றையும் கொடுத்தால் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்" என்றார்.

"அப்புறம் எதற்கு ரா?"

"கூசாது. சாணை பிடிக்க, வளைக்கச் சௌகரியம், பூச்சு விரிந்துவிடும் என்ற பயமில்லை. பெரிய புரோக்களுக்குப் பழசானால் புதுசு வந்துவிடும், துருவைப் பற்றி அவர்களுக்கென்ன?" என்றவர், ஏதோ நினைத்துக் கொண்டு சேர்த்தார். "இன்னொன்று. ராவில் முகம் பூராவும் துரு ஏறும், பந்து படுகிற இடத்தில் மட்டும் ஏறாது. அங்கே தேய்ந்து பளிச்சென்று இருக்கும். எந்த இடத்தில் அடிக்கிறாய் என்று கிளப்பே காட்டிக் கொடுத்துவிடும்."

எனக்கு அது சுவாரஸ்யமான துணுக்காகப் பட்டது. அதற்குமேல் யோசிக்கவில்லை. படித்த பி.காம். சும்மா விடுமா? பாக்கெட் நோட்டை எடுத்து பாலன்ஸ் ஷீட் போட்டேன். ஒரு பிரபலக் கம்பெனியே எழுபத்தைந்து ஆட்டத்துக்குப் பிறகு வெட்ஜின் பள்ளம் தேய ஆரம்பிக்கும் என்கிறது. திங்கட்கிழமை மட்டும் ஆடுகிறவனுக்கு எழுபத்தைந்து ஆட்டம் என்றால் ஒன்றரை வருஷம். இதுதான் ஆயுசு. தேய்மானம் மூன்றுக்கும் ஒன்றே. ஆக, மிஞ்சுவது பராமரிப்புச் செலவும், கடைசியில் விற்றால் கிடைக்கும் தொகையும். இரண்டிலும் குரோம்தான் லாபம். அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டேன்.

என்றாலும் பணம் அவனுடையது. மணி ஒன்றரை. சென்னையில் மாலை ஆறு. அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் மைதானத்தில் திருவிழாக் கூட்டம், பகலெல்லாம் கேடிகள் போனைத் தொட முடியாது. இந்நேரம் வெளியே வந்திருப்பான். வீடியோ காலில் கூப்பிட்டேன்.

மேஜை மேலிருந்த மூன்றையும் காட்டினேன். திரையில் அவன் முகம் முழுக்கப் பல்.

"அண்ணா, பள்ளம் மூணுலயும் ஒரே மாதிரிதானே?"

"ஒரே மாதிரிதான்டா."

"அப்ப பந்துக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரியாது. நம்ம கணக்குப்படி குரோம் வாங்கறதுதான் புத்திசாலித்தனம். நாளைக்கு வித்தாலும் காசு வரும். கருப்பு உரிஞ்சு போகுமாம். மூணாவது சுத்த துருக்கேஸ்" என்று சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாகப் பெரியவரின் துணுக்கையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். யோசித்துக் கொண்டிருந்தான்.

"பந்து படுற எடத்துல மட்டும் துரு நிக்காதா?"

"அப்படித்தான் சொல்றார்."

"அண்ணா... அதையே வாங்கிடுங்க."

"டேய், மெட்ராஸ் கடல் காத்துடா! நவம்பர் மாசம் சட்டைப் பித்தானே துருப்பிடிக்குது."

"தொடைக்கிறதுதாண்ணா என் பொழப்பே. ஏழு வருஷமா ஊரான் கிளப்பைத் தொடைக்கிறேன். என்னோடதைத் தொடைக்க மாட்டேனா?" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, "எல்லாரும் கோச் வெச்சிருக்காங்கண்ணா. கோச் என்னா சொல்லுவாரு? 'நீ குதிகால் பக்கம் அடிக்கிறே, நடுவுல அடி'ம்பாரு. எனக்கு அதைச் சொல்ல யாருண்ணா இருக்காங்க? இது சொல்லுமில்ல..." என்றான்.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் போனில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மூன்றாவதை எடுத்துக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார். கேடிக்கு கேடியைத் தெரியும் போலிருக்கிறது. பில்லோடு ஒரு சின்ன எண்ணெய் டப்பாவையும் உள்ளே போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

இரட்டைக் கோடு போட்ட பாலன்ஸ் ஷீட்டை மடித்துப் பையில் வைத்தேன். அதில் தப்பில்லை. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. கோச் ஃபீஸ் என்ற ஐட்டம்தான் என் லெட்ஜரில் இல்லை, அவன் லெட்ஜரில் இருந்தது.

* * *

'எல்லாம் சரிப்பா, எனக்கு எந்த ஃபினிஷ்?' என்று கம்பெனி செலவில் கோல்ஃப் பழக ஆரம்பித்திருக்கும் ஆபீஸ் நண்பர்கள் கேட்கக்கூடும்.

மாசத்துக்கு ஒரு தடவை ஆடி, பையைக் கார் டிக்கியில் போட்டு மறந்துவிடுகிற ஜாதியா? கண்ணை மூடிக் கொண்டு குரோம். வெயில் கூச்சம் தாங்காது, பார்க்கவும் ஸ்டைலாக இருக்க வேண்டும், தேய்ந்தால் வருத்தப்பட மாட்டேன் என்றால் கருப்பு. தினம் எடுத்துத் துடைத்து, எண்ணெய் காட்டி, பேசிக் கொண்டிருக்கப் பிரியம் இருந்தால் மட்டும் பச்சை இரும்பு. பந்து எந்தச் சட்டையையும் பார்ப்பதில்லை. அந்த இரும்போடு நீங்கள் எப்படிக் குடித்தனம் பண்ணப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. வீட்டில் தோசைக்கல்லை ஊறப்போட்டுவிட்டு டி.வி. பார்க்கிற ஆசாமிகள் ரா பக்கமே போக வேண்டாம்!

தம்பியின் வெட்ஜ் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. பெரியவர் கொடுத்த எண்ணெய் முதல் வருஷமே தீர்ந்து, இப்போது தையல் மெஷின் எண்ணெயும் பழைய பனியன் துணியும். உடம்பெல்லாம் காபி டிகாஷன் நிறம். ஒரு மெம்பர் பார்த்துவிட்டு, "என்னப்பா, காயலான்கடையில எடுத்தியா?" என்று கேட்டாராம். "ஆமா சார், ஸ்காட்லாந்து காயலான்கடை" என்றிருக்கிறான்.

போன வாரம் டீக்கடைக்கு அதை எடுத்து வந்தான். வாங்கிய புதுசில் பளிச்சென்ற இடம் வெற்றிலை அகலத்துக்கு, குதிகால் பக்கமாக இழுத்துக் கொண்டு கிடந்தது. இப்போது நடுமத்தியில், பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே ஒரு வட்டம். சுற்றிலும் துரு.

"தகுதிச் சுற்றுக்குப் பேர் குடுத்துட்டேண்ணா. பள்ளம் தேயறதுக்குள்ள ஆடிடணும்" என்றான்.

டீயை ஒரு கையில் வைத்துக் கொண்டு, மறு கை பனியன் துணியால் அந்த வட்டத்தைத் துடைத்துக் கொண்டே இருந்தது.